கடப்பாரை முதல் மதகு ஷட்டர் வரை: எளிய இயந்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெம்புகோல், கப்பி, சாய்தளம், சக்கரமும் அச்சும், ஆப்பு, திருகு என்று ஆறு எளிய இயந்திரங்களைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். படங்களில் சீசாப் பலகையும் கத்தரிக்கோலும் இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வளரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல உதாரணங்கள் வாய்க்கால் கரையிலேயே இருக்கின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை அந்த உதாரணங்களோடு இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். தேர்வில் நியூட்டனில் எழுத வேண்டுமென்றால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எளிய இயந்திரம் வேலையைக் குறைக்கிறதா?

குறைக்காது. இயற்பியலில் வேலை என்பது விசையையும் அது நகர்த்திய தூரத்தையும் பெருக்கி வருவது. 100 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த எவ்வளவு வேலை தேவையோ, அதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. கருவி செய்வது நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றுவது போன்ற காரியம். 100 கிலோ விசையை ஒரு மீட்டருக்குக் கொடுப்பதற்குப் பதில் 10 கிலோ விசையைப் பத்து மீட்டருக்குக் கொடுக்கிறோம். சில்லறை மாற்றிக் கொடுப்பவர் கமிஷன் பிடிப்பதும் உண்டு, அதுதான் உராய்வு. ஆகவே கருவி இருந்தால் மொத்த வேலை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அப்படியானால் ஏன் சுலபமாகத் தெரிகிறது? நம் உடம்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது. 10 கிலோவை நாள் முழுக்க இழுக்க முடிந்தவரால் 300 கிலோவை ஒரு நொடிகூட அசைக்க முடியாது. முடியாத வேலையை முடிகிற அளவுக்குப் பிரித்துக் கொடுப்பதே இயந்திரத்தின் உபகாரம்.

கடப்பாரையால் கல்லை நெம்பும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

ஐந்தடிக் கடப்பாரை, அதாவது சுமார் 150 செ.மீ. படித்துறையில் பெயர்ந்து கிடக்கும் 280 கிலோ கல்லின் அடியில் நுனியைச் செருகி, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு சின்னக் கல்லை ஆதாரமாக வைக்கிறீர்கள். கைப்பக்கம் 140 செ.மீ. இருக்கிறது, கல் பக்கம் 10 செ.மீ. 14 மடங்கு. விசை × விசைக்கரம் = பளு × பளுக்கரம் என்ற விதி இவ்வளவுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதை முறையாக நிறுவினார்.

280ஐ 14 ஆல் வகுத்தால் 20 கிலோ விசை வரும். ஆனால் அவ்வளவுகூடத் தேவைப்படாது. கல்லின் ஒரு விளிம்பைத்தான் கிளப்புகிறோம், மறு விளிம்பு தரையில்தான் இருக்கிறது. எனவே கிட்டத்தட்டப் பாதி எடைதான் கடப்பாரைக்கு வரும். கையில் 10 கிலோ போதும். பதிலுக்கு, கல் 5 செ.மீ. எழும்ப உங்கள் கை 70 செ.மீ. இறங்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இது வண்டல் மண். ஆதாரமாக வைத்த கல்லின் மேல் கல்லின் சுமையும் கையின் அழுத்தமும் சேர்ந்து இறங்குவதால், கல் எழும்புவதற்கு முன் ஆதாரம் சேற்றுக்குள் போய்விடும். அதற்கடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டால் சுமை பரவி நிற்கும். விதி தெரிந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், நடவுக்கும் வேலிக்கும் அலைகிறவர்கள் மறப்பதில்லை.

முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை… எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

நடுவில் எது இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். நடுவில் ஆதாரப்புள்ளி என்றால் முதல் வகை: கத்தரிக்கோல், தராசு, அடிபம்பின் கைப்பிடி. நடுவில் பளு என்றால் இரண்டாம் வகை: தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்குவெட்டி, சித்தாள் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி. நடுவில் விசை என்றால் மூன்றாம் வகை: இடுக்கி, தூண்டில்.

மூன்றாம் வகையில் நஷ்டம்தானே, பிறகு ஏன் இருக்கிறது?

விசையில் நஷ்டம், வேகத்திலும் தூரத்திலும் லாபம். தூண்டிலின் அடியைக் கை சற்றே சுண்டினால் நுனி பல அடி பாய்கிறது. மீன் தப்புவதற்கு முன் தூக்க அந்த வேகம்தான் வேண்டும்.

நம் முன்கையே மூன்றாம் வகைதான். முழங்கை மூட்டு ஆதாரம். மேற்கையின் முன்புறத் தசை மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தொலைவில் எலும்பைப் பிடிக்கிறது. உள்ளங்கையோ 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. 10 கிலோ வாளியை முழங்கையை மடக்கிப் பிடிக்கும்போது அந்தத் தசை 70, 80 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். முதுகும் இதே கதை. மூட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக் குனிந்து தூக்கினால் இடுப்பில் விழும் சுமை பல மடங்காகிவிடும். மூட்டையை மார்போடு அணைத்து, முழங்காலை மடக்கி எழுந்தால் பளுக்கரம் குறையும். எடை குறையவே இல்லை, ஆனால் இடுப்பு தப்பும்.

ஏற்றம் எப்படி வேலை செய்தது? தாத்தா சொன்னால் புரியவில்லை.

மின்சார மோட்டாருக்கும் டீசல் என்ஜினுக்கும் முன்னால் மேட்டுக்கொல்லைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் ஏற்றிய கருவி. வாய்க்கால் பாசனம் ஓடிய வயலுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தண்ணீர் மட்டம் தாழ்ந்து, நிலம் உயர்ந்திருக்கும் இடத்துக்குத்தான் தேவை. ஒரு தூணின் மேல் நீளமான மரம் சீசாபோல் ஆடும். ஒரு முனையில் கழியும், அதில் தண்ணீர் மொள்ளும் பெரிய பாத்திரமான சாலும் தொங்கும். மறுமுனையில் கல் கட்டலாம், அல்லது ஆட்களே மரத்தின் மேல் நடக்கலாம்.

முதலில் கல் கட்டிய ஏற்றத்தைப் பார்ப்போம். நிறைந்த சால் 20 கிலோ, காலிச் சால் 4 கிலோ, ஆக தண்ணீர் மட்டும் 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சால் தொங்கும் கரம் 4 மீட்டர், கல் கட்டிய கரம் 1 மீட்டர். மரத்தின் சொந்த எடையை விட்டுவிடலாம். கல்லை 48 கிலோவாக வைத்தால் அது சால் பக்கத்தில் 12 கிலோவுக்குச் சமம். இப்போது காலிச் சாலைக் கீழே இறக்க 12 − 4 = 8 கிலோ விசையால் இழுக்க வேண்டும். நிறைந்த சாலைத் தூக்க 20 − 12 = 8 கிலோ விசை போதும். இறங்கும்போது எட்டு, ஏறும்போது எட்டு. கூட்டினால் 16. தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவே. தண்ணீரைத் தூக்கும் வேலை ஒரு துளியும் மிச்சமாகவில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் நடந்துவிட்டன. சாலின் 4 கிலோவை ஒவ்வொரு முறையும் வீணாகத் தூக்குவது நின்றது. ஒரே மூச்சில் தூக்க வேண்டிய பாரம் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதி கீழ்நோக்கிய இழுப்பாக மாறியது, அதற்கு உடம்பின் எடையையே தொங்கவிட்டால் போதும்.

ஆள் மிதிக்கும் ஏற்றம் இன்னும் சாமர்த்தியமானது. மரத்தின் மேல் நிற்பவர்கள் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், எதிர்ப்பக்கம் நடந்தால் சால் ஏறும். கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். மேலே இருப்பவர்கள் கையால் எதையும் தூக்குவதில்லை. தங்கள் உடம்பைச் சரிவில் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். மனிதக் காலின் தசை கையைவிடப் பல மடங்கு தாங்கும், சீக்கிரம் களைக்காது. ஏற்றத்தின் உண்மையான லாபம் இதுதான் என்பது என் எண்ணம். பாடப்புத்தகம் பளுவை விசையால் வகுத்து 'இயந்திர லாபம்' என்று ஓர் எண்ணைக் கேட்கிறது. அந்த எண் ஒன்றுக்குக் கீழே வந்தாலும் ஏற்றம் நல்ல கருவிதான்.

கிணற்று ராட்டினம் பாரத்தைப் பாதியாக்குமா?

ஆக்காது. மேலே நிலையாக மாட்டிய ஒற்றைக் கப்பியில் 10 கிலோ வாளிக்கு 10 கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கத்தான் வேண்டும். திசை மட்டும் மாறுகிறது. குனிந்து மேலே இழுப்பதற்குப் பதில் நிமிர்ந்து கீழே இழுக்கிறோம்.

பாரம் பாதியாக வேண்டுமென்றால் கப்பி பாரத்தோடு சேர்ந்து நகர வேண்டும். கப்பியைப் பாரத்தில் மாட்டி, கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டிவிட்டால், பாரத்தை இரண்டு கயிறுகள் தாங்கும். நாலு கயிறு தாங்கினால் கால் பங்கு. ஒரு மீட்டர் தூக்க நாலு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். போர்வெல் மோட்டார் பழுதானால் முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டிக் குழாயை உருவுவார்களே, அங்கே போய்ப் பாருங்கள். ஒருவர் சங்கிலியை மளமளவென்று இழுத்துக்கொண்டே இருப்பார், குழாய் அங்குலம் அங்குலமாகத்தான் எழும்பும்.

அடிபம்பின் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம்?

கிராமங்களில் பஞ்சாயத்து நட்ட இந்தியா மார்க் 2 வகைப் பம்பில் ஆதாரத்திலிருந்து கைப்பிடிப் பக்கம், கம்பிப் பக்கத்தைப் போல எட்டு மடங்கு நீளம். உள்ளே கம்பி 125 மி.மீ. எழும்ப, கைப்பிடி முனை ஒரு மீட்டர் இறங்கும். ஆழத்திலுள்ள நீர்க்கம்பமும் கம்பியும் சேர்ந்து 80 கிலோ கனத்தாலும் கையில் 10 கிலோதான். குடத்தோடு வரும் பத்து வயதுப் பிள்ளை தொங்கித் தொங்கி அடித்தாலும் தண்ணீர் வருவது அதனால்தான். கைப்பிடியைப் பாதியில் பிடித்து அடித்தால் பாரம் இரண்டு மடங்காகும். இதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கட்டும், விதி மறக்காது.

மதகு ஷட்டரை ஒரே ஒரு லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) திருகித் தூக்கிவிடுகிறாரே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை வந்து, கடைமடை வரை போவதற்குள் எத்தனை ஆயிரம் முறை இந்தத் திருகுகள் சுழலும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலடி அகலம், நாலடி உயரமுள்ள (சுமார் 1.2 மீட்டர்) ஷட்டரின் ஒரு பக்கம் தண்ணீர் முட்ட நின்றால், தகட்டின் மேல் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 860 கிலோ. அந்த அழுத்தம் தகட்டைக் காடியோடு சேர்த்து நெருக்குகிறது. தூக்கும்போது அதில் நாற்பது சதவீதம் உராய்வாக எதிர்க்கும் என்று கொண்டால் 340 கிலோ. தகட்டின் எடை 110 கிலோ என்றால் மொத்தம் 450. நாலைந்து பேர் சேர்ந்தாலும் கையால் தூக்க முடியாது.

இப்போது திருகு. கைப்பிடி மையத்திலிருந்து 30 செ.மீ. நீளம். ஒரு சுற்றுக்குக் கை கிட்டத்தட்ட 188 செ.மீ. பயணம் செய்கிறது. புரிக்குப் புரி இடைவெளி 1 செ.மீ. என்றால் ஒரு சுற்றில் ஷட்டர் 1 செ.மீ. மட்டுமே ஏறும். 188 மடங்கு! காகிதத்தில் இரண்டரைக் கிலோ போதும். நடைமுறையில் புரிகளுக்கிடையே உராய்வு முக்கால் பங்கைச் சாப்பிட்டுவிடும், எனவே சுமார் 10 கிலோ. ஒருவரால் தாராளமாக முடியும். ஒரு மீட்டர் தூக்க நூறு சுற்று, அதுதான் விலை.

முக்கால் பங்கைத் தின்னும் இந்த உராய்வைத் திட்டாதீர்கள். லஸ்கர் கைப்பிடியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் ஷட்டர் அப்படியே நிற்பது அதனால்தான். பாதிக்கு மேல் உராய்வில் போகும் திருகு, பாரம் எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பின்னால் சுழலாது. திருகு வகை ஜாக்கியும், சாலை உயர்ந்து பள்ளமாகிவிட்ட வீட்டைத் தூக்க அடிவாரத்தில் வரிசையாக வைக்கும் ஜாக்கிகளும் இதே தத்துவத்தில்தான் பாரத்தைப் பிடித்து நிற்கின்றன. கிரீஸ் போட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். துருப்பிடித்த திருகு முக்கால் பங்கோடு நிற்காது, முழுவதையும் தின்றுவிடும். வெள்ளம் வரும் நாளில் ஷட்டர் ஏறாமல் போவதற்கு முக்கியக் காரணம் வெறும் பராமரிப்பின்மைதான்.

பெரிய கோயில் விமானத்துக்கு 80 டன் கல்லை ஆறு கிலோமீட்டர் சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது உண்மையா?

சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் அமைத்து ஏற்றினார்கள் என்பது தஞ்சாவூரில் எல்லோரும் கேட்டு வளர்ந்த செய்தி. உச்சியில் இருப்பது ஒரே கல் அல்ல, பல துண்டுகளை இணைத்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரே கல் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம், ஏனென்றால் சாய்தளத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

உயரத்தை 60 மீட்டர் என்போம். ஆறு கிலோமீட்டரில் 60 மீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று சரிவு. 80 டன்னை மேலே ஏற்றுவதற்கு மட்டும் வேண்டிய இழுவிசை 800 கிலோ. அடேயப்பா, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கல்லை மரச்சட்டத்தில் வைத்துத் தரையோடு இழுத்தால், எடையில் மூன்றில் ஒரு பங்கு உராய்வு என்று கொண்டாலே 27 டன். ஏற்றத்துக்கு 0.8, உராய்வுக்கு 27! சரிவைப் பத்து மடங்கு செங்குத்தாக்கி, பத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஏற்றத்துக்கு 8 டன் ஆகும், மொத்தம் 35. இழுக்கும் ஆட்கள் கால் பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக வேண்டும். ஆனால் சாய்தளத்தின் நீளம் ஆறு கிலோமீட்டரிலிருந்து 600 மீட்டராகச் சுருங்கிவிடும். பத்து மீட்டர் அகலத்துக்கு மண் கொட்டினால் நீளமான சாய்தளத்துக்கு 18 லட்சம் கன மீட்டர், குட்டையானதற்கு 1 லட்சத்து 80 ஆயிரம். பக்கச் சரிவைச் சேர்க்கவே இல்லை.

1010இல் கோயிலைக் கட்டி முடித்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. கருங்கல்லே இல்லாத டெல்டாவுக்கு வெளியூரிலிருந்து கல்லைக் கொண்டுவந்து அடுக்கியவர்கள், மண் சுமப்பதில் பத்து மடங்கு கூலியை வீணாக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விமானத்தையே சுற்றிச் சுற்றி ஏறும் சாரம் அமைத்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. எந்த வழியாக இருந்தாலும் அவர்களின் பெரிய எதிரி உயரம் அல்ல, உராய்வு. உருளைக் கட்டை போடுவது, பாதையை நனைப்பது போன்ற வேலைகள்தான் அதிகம் மிச்சப்படுத்தும். எகிப்தில் சுமார் 3900 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறை ஓவியத்தில், பெரிய சிலையைச் சறுக்குச்சட்டத்தில் இழுக்கும்போது அதன் முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது தெளிவாகத் தெரிகிறது.

தேர் ஓட்டத்தில் எந்த எளிய இயந்திரம் இருக்கிறது?

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். கஷ்டமெல்லாம் முதல் அசைவில்தான், ஏனென்றால் நிற்கும் பொருளின் உராய்வு நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம். வடம் பிடித்து ஆயிரக்கணக்கானோர் இழுக்கும்போது, பின்சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புவது அந்த முதல் அசைவுக்காக. இப்போது புல்டோசர் கொண்டும் தள்ளுகிறார்கள்.

நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டையின் வேலை. சக்கரத்தின் முன்னால் போடும் அந்தக் கட்டை ஓர் ஆப்பு. சக்கரம் அதன் மேல் ஏற முயன்று வேகம் இழக்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் போட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது, ஆனாலும் கட்டை போடுகிறவர்களின் கை இன்னும் ஓயவில்லை. அபாயமான வேலை அது. வேடிக்கை பார்ப்பவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது.

அரிவாள்மனை, கோடரி, கலப்பைக் கொழு எல்லாம் ஆப்புதானா?

ஆம். மெல்லிய நுனி, தடித்த அடி. தேங்காய் உரிக்கும் பாரையில் குத்துவது ஆப்பு, திருகிப் பிளப்பது நெம்புகோல், ஒரே கருவியில் இரண்டு.

தராசில் ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம். கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டு கரமும் சமமாக இல்லாவிட்டால் தட்டுகள் காலியாக நேராக நின்றாலும் எடை தப்பும். மீனையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றிப் போடச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே எடை வந்தால் தராசு சரி. ஒரு முறை 800 கிராம், மறுமுறை 1250 கிராம் என்று வந்தால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். உண்மையான எடை 1000 கிராம். பாதிப்பாதியாகக் கூட்டி 1025 என்று சொல்வது தவறு. கடைக்காரரிடம் சண்டை போடும்போது வர்க்கமூலம் எடுபடாது என்பது வேறு விஷயம்.

கொள்முதல் நிலையத்தில் லாரிக்குப் பலகை போட்டு மூட்டை ஏற்றுகிறார்களே, அது சாய்தளம்தானே? மிச்சம் உண்டா?

சாய்தளம்தான், ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 40 கிலோ நெல் மூட்டையைச் சுமந்து ஏறுபவர் தன் 60 கிலோ உடம்பையும் சேர்த்தே ஏற்றுகிறார். மூட்டைக்கு வேண்டிய வேலையைப் போல இரண்டரை மடங்கு. ஆனாலும் கை தூக்காத வேலையைக் கால் செய்கிறது, அதுவும் ஒற்றை ஆளாக. டீசல் பேரலை அதே பலகையில் உருட்டி ஏற்றும்போதுதான் பாடப்புத்தகச் சாய்தளம் முழு லாபம் தருகிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம்?

சீசா வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். கல் கட்டிய ஏற்றம் செய்யுங்கள். ஒரு மூங்கில் கழி, கவட்டையுள்ள ஒரு கிளை, சின்ன வாளி, ஓட்டை போட்டுக் கட்டிய கல் அல்லது மணல் பை. கழியில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். சுருள்வில் தராசு ஒன்றைப் பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, காலி வாளியை இறக்கும்போதும் நிறைந்த வாளியைத் தூக்கும்போதும் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். மணலைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு எண்களும் சமமாகும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த இடத்தில் இரண்டையும் கூட்டினால் வாளித் தண்ணீரின் எடை வருகிறதா என்று நடுவர் முன்னால் நிறுத்துக் காட்டுங்கள். துல்லியமாக வராது, கவட்டையின் உராய்வு கொஞ்சம் கூட்டிக் காட்டும். கவட்டையில் விளக்கெண்ணெய் தடவி மறுபடி அளந்தால் அந்த வித்தியாசம் குறைவதையும் காட்டலாம். கல் தொங்கும் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.